மணிக்கு அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

நவம்பர் 1, செவ்வாய்
மழை 11 மி.மீ.

காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்ப்பது என் வேலை. பதினேழு வருடமாகப் பார்க்கிறேன். எட்டரைக்கு அளப்பது நேற்று எட்டரையிலிருந்து இதுவரை பெய்தது. இனிமேல் பெய்வது நாளைக் கணக்கு. இதை ஒரே தடவையில் புரிந்துகொண்ட மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. எஸ்டேட் ரைட்டர் தினமும் போன் செய்து, "எத்தன சென்ட் லோகேஸ்வரி?" என்பார். அவருக்கு மழை இன்னும் இன்ச்சிலும், இன்ச்சில் நூறில் ஒரு பங்கான சென்ட்டிலும்தான் பெய்கிறது. வெள்ளைக்காரன் போய்விட்டதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மண்ணும் மழையும் அளக்கிற எங்கள் அரசு ஆபீஸில் புது டைரி கொடுத்தார்கள். போன வருடத்து டைரி. கிழமையை எல்லாம் அடித்து எழுத வேண்டியிருக்கிறது.

நவம்பர் 2, புதன்
மழை 27 மி.மீ.

தம்பி நஞ்சுண்டன் போன் செய்தான். பின்கதவு நிலையில் ஒட்டிக்கொள்கிறதாம், உதைத்தால்தான் திறக்கிறதாம். "மழைக்கு அப்படித்தான் அக்கா. ஈரத்துல ஊதிக்கும்" என்றான். ஆமாம் என்றேன். போனை வைத்த பிறகுதான் அது தகரக் கதவு என்பது ஞாபகம் வந்தது.

அவன் வீடு பாசிமேட்டில். மொத்தம் பதினோரு வீடு, ஒரே வரிசை. வீடுகளுக்குப் பின்னால் கல் தடுப்புச் சுவர், அதற்கு மேலே நாற்பதடிச் சரிவு, உச்சியில் ஒரு ஏக்கர் சமதளம். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் காட்டேஜ் கட்டுவதற்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் புல்டோசர் விட்டு நிரவினார். வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிட்டார். காட்டேஜ் வரவில்லை, டூரிஸ்ட் வேன்கள் மட்டும் வந்து நிற்கும்.

மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் மேலேயே ஒரு வடிகால் வெட்டி ஓடையில் விடச் சொல்லி, பதினோரு வீட்டாரும் எங்கள் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். அந்தச் சமதளம் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று மேலதிகாரிகள் அளக்கச் சொன்னார்கள். மார்ச் மாதம் நான் போய் அளந்தேன். மணிக்கு 62 மி.மீ. நல்ல அளவு. இவ்வளவு குடிக்கிற மண்ணுக்கு வடிகால் தேவையில்லை என்று ஃபைலை மூடினார்கள்.

நவம்பர் 3, வியாழன்
மழை 34 மி.மீ.

உதவிப் பொறியாளர் திலீபன் சார் என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு ஒரு சார்ட் எழுதச் சொன்னார். தலைப்பு: மண் மழைநீரை எப்படி உறிஞ்சுகிறது. என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். இந்த ஆபீஸில் நல்ல கையெழுத்து இருந்தால் செத்தோம்.

எழுதியது: மண் துகள்களுக்கு நடுவே சந்துகள் இருக்கின்றன. அவற்றில் காற்று இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்கிக் காற்றை வெளியே தள்ளுகிறது. காய்ந்த மண் முதலில் வேகமாகக் குடிக்கும். போகப்போக மெதுவாகும். கடைசியில் ஒரே வேகத்தில் நிற்கும். அதைவிட வேகமாகப் பெய்கிற மழை மேலாகவே ஓடிவிடும். வேரும் மண்புழுவும் போட்ட துளைகள் இருந்தால் மண் அதிகம் குடிக்கும்.

புல்டோசர் ஏறி நசுங்கிய மண்ணில் சந்து இருக்காது என்று இன்னொரு வரி எழுதினேன். பிறகு வெள்ளை மை வைத்து அழித்துவிட்டேன். இடம் போதவில்லை.

அந்த இடத்தில் மண்புழு வரைந்தேன். சார் பார்த்துவிட்டு, பாம்பு எதற்கு என்று கேட்டார்.

நவம்பர் 4, வெள்ளி
மழை 9 மி.மீ.

நஞ்சுண்டன் சம்சாரம் மேகலா ராகி மாவு கேட்டிருந்தாள். கொடுக்கப் போனேன். மாவு கொடுக்கத்தான் போனேன்.

அவ்வளவு தூரம் போனதால் மேலே ஏறியும் பார்த்தேன். வேன் டயர் பதிந்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. உள்ளே தலைப்பிரட்டைகள், சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. தவளைக்குக் கால் முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. மணிக்கு 62 மி.மீ. குடிக்கிற மண்ணில் கால் முளைக்கும்வரை தண்ணீர் நிற்காது என்று மட்டும் தெரியும்.

இறங்கும்போது பிலோமினா டீச்சர் பிடித்துக்கொண்டார். பாலர் பள்ளியில் இருந்து ரிட்டயர் ஆனவர், தம்பிக்குப் பக்கத்து வீடு. மனு எழுதியதே அவர்தான்.

"லோகு, மார்ச் மாசம் அளக்கற வளையத்த எங்க போட்ட?"

"மேலதான் டீச்சர்."

"மேலன்னா?"

"மேலதான் டீச்சர்."

அவர் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

நவம்பர் 5, சனி
மழை 3 மி.மீ. துணி காய்ந்தது.

நவம்பர் 6, ஞாயிறு
மழை 58 மி.மீ.

இந்த வளையம் என்பது அடியில்லாத இரும்பு வாளி மாதிரி இருக்கும். பெரிது ஒன்று, அதற்குள் சின்னது ஒன்று. இரண்டையும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் அடித்து இறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பதற்குப் பத்துக் கிலோ சம்மட்டி. பதவியின் பெயர் களப்பணியாளர், ஆணா பெண்ணா என்று சம்மட்டி கேட்காது.

மார்ச் மாதம் எனக்கு இடது மணிக்கட்டில் வீக்கம் இருந்தது. லீவு கேட்டிருக்கலாம். மார்ச்சில் லீவு கேட்டால், வருடக் கடைசி என்பார்கள். சமதளத்தில் மூன்று இடத்தில் அடித்துப் பார்த்தேன். வளையத்தின் விளிம்புதான் மடங்கியது. அதனால் ஓரமாகப் போட்டேன். கிட்டத்தட்ட அதே இடம்தான்.

நவம்பர் 7, திங்கள்
மழை 71 மி.மீ.

நஞ்சுண்டன் போன். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்குப் பதித்த குழாய்களில் எப்போதும் தெளிந்த தண்ணீர் வரும். இன்றைக்கு டீ நிறத்தில் வருகிறதாம்.

"எல்லாரும் பயந்துக்கறாங்க அக்கா. நாந்தான் சொல்லிட்டிருக்கேன். எங்கக்கா அளந்த மண்ணு, மணிக்கு அறுபத்திரண்டு குடிக்கும், ஒண்ணும் ஆகாதுன்னு."

அந்த எண்ணை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறான். என் பிறந்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்ததில்லை.

மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 8, செவ்வாய்
மழை 66 மி.மீ.

திலீபன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், பாசிமேட்டு ஃபைல்ல ஒரு திருத்தங்க."

"என்னம்மா?"

"அந்த அளவு அந்த எடத்துல எடுத்தது இல்லிங்க சார். பக்கத்துல."

"எவ்ளோ பக்கத்துல?"

"பதினெட்டு அடிங்க."

"பதினெட்டு அடிதானே?"

"அது பீட்ரூட் பாத்திங்க சார்."

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். பீட்ரூட் பாத்தி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். கொத்தி, எருப்போட்டு, பொலபொலவென்று இருக்கிற மண். அதில் வளையம் கையால் அழுத்தினாலே இறங்கும். தண்ணீரும் அப்படித்தான் இறங்கியது. பக்கத்தில் புல்டோசர் ஏறிய தரை மணிக்கு ஐந்து மில்லிமீட்டர்கூடக் குடிக்காது.

"இத ஏம்மா எங்கிட்ட இப்ப வந்து சொல்றீங்க?" என்றார். சத்தம் போடவில்லை, பாவம், நிஜமாகவே கேட்டார். "மழ நிக்கட்டும். புதுசா ஒண்ணு அளந்து வச்சுக்கலாம். இப்ப எழுதினா உங்களுக்கு ஒரு மெமோ, எனக்கு ஒரு மெமோ."

சரிங்க சார் என்று வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நவம்பர் 9, புதன்
மழை 112 மி.மீ.

பத்து மணிக்கு நஞ்சுண்டன் போன் செய்தான். சந்தோஷமாக இருந்தான்.

"குழாயில தண்ணி நின்னுருச்சு அக்கா. இத்தன மழைக்கும் சொட்டுக்கூட வரல."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று எழுதினேன்.

தெருக்குழாயடியில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். குடையோடு வந்து நின்றார்கள். இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்கும்.

"மார்ச் மாசம் நான் அளந்தது மேல கிரவுண்டுல இல்ல" என்றேன். "கிரவுண்டுல வளையம் எறங்கல, எனக்குக் கை வலி. அதனால பக்கத்துல பீட்ரூட் பாத்தில போட்டு அளந்துட்டேன். அந்த அறுபத்திரண்டு பீட்ரூட் குடிச்ச தண்ணி. கிரவுண்டு குடிக்காது. அங்க பேஞ்சதெல்லாம் வழிஞ்சு உங்க பின்னாடி தள்ளிவிட்ட மண்ணுக்குள்ளதான் போயிருக்கு. குழாய் நின்னது நல்லதுக்கு இல்லிங்க. உள்ள தண்ணி இருக்கு, வழிதான் அடைச்சுப் போச்சு. தண்ணி ஊறின மண்ணுக்குப் பிடிமானம் கெடையாது. அப்படியே வந்துரும். இப்பவே கெளம்புங்க."

யாரும் அசையவில்லை. "பீட்ரூட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"அக்கா, என்ன பேசற நீ?" என்றான் நஞ்சுண்டன்.

பிலோமினா டீச்சர் மட்டும் உள்ளே போனார். ஒரு பையோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார். "நாலு நாளா கட்டி வச்சிருக்கேன்" என்றார், பொதுவாக. பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அளந்தவளே பயப்படுகிறாள் என்றதும் அவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. மூன்று மணிக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நஞ்சுண்டனும் மேகலாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். மாவு டப்பாவையும் எடுத்து வந்திருந்தாள்.

நவம்பர் 10, வியாழன்
மழை 131 மி.மீ.

மதியம் மூன்று பத்துக்குச் சரிவு இறங்கியது. மூன்று வீடு மண்ணுக்குள் போய்விட்டது. நஞ்சுண்டன் வீடு, டீச்சர் வீடு, அதற்கடுத்த வீடு. ஆள் சேதம் இல்லை.

சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். மேகலாதான் காபி போட்டாள்.

நவம்பர் 12, சனி
மழை 14 மி.மீ.

பள்ளிக்கூடத்தில் பெரிய அதிகாரி வந்தார். எனக்குச் சால்வை போட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள், கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

நஞ்சுண்டன் எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "எங்கக்காவா தப்பா அளக்கறது? பதினேழு வருஷ சர்வீஸு. சும்மா போங்கன்னா நம்ம போவமா? சட்டி பானைய விட்டுட்டுப் போகமாட்டம்னு அதுக்குத் தெரியும். அதான் தன்மேலயே பழியப் போட்டு ஒரு பொய்யச் சொல்லிக் கெளப்பிவிட்டுச்சு."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். பொய் சொல்லியாவது காப்பாற்றிய மகராசி என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொய் இல்லிங்க, நிஜமாவே தப்பாத்தான் அளந்தேன் என்றேன். எவ்வளவு தன்னடக்கம் என்றார்கள்.

பிலோமினா டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை. அந்தக் கூட்டத்தில் என்னை நம்பியது அவர் ஒருவர்தான்.

நவம்பர் 15, செவ்வாய்
மழை 0.

மிச்சமுள்ள எட்டு வீட்டுக்கும் ஆட்கள் திரும்பிவிட்டார்கள். மாசக் கடைசியில் மறுபடி காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொல்கிறார்கள். மேலே சமதளம் அப்படியே இருக்கிறது. வடிகால் இல்லை.

திலீபன் சாரிடம் மறுபடி போனேன். புது அளவு எடுக்க ஆர்டர் கேட்டேன்.

"குடியரசு தின விருதுக்கு உங்க பேர அனுப்பியிருக்கேம்மா. இப்பப் போயி அந்த ஃபைலத் தொறக்கணுமா?"

"எட்டு வீட்ல ஆள் இருக்காங்க சார்."

"இயற்கைச் சீற்றம்னு ரிப்போர்ட் போயாச்சு. நல்ல மண்ணுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நல்ல மண்ணுக்கு எதுக்கு வடிகால்னு மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"பீட்ரூட்டுன்னு சொல்லுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்குச் சொல்லவில்லை. வடிகால் வேண்டுமென்றால் ஜனங்கள் மனுக் கொடுக்க வேண்டும், மனு வந்தால் யோசிக்கலாம் என்றார். அந்த அளவு தப்பு என்று நம்பாத ஜனங்கள் எதற்கு மனுக் கொடுப்பார்கள்? சால்வை போட்டவர்களாயிற்றே.

நவம்பர் 18, வெள்ளி
மழை 2 மி.மீ.

காலையில் நஞ்சுண்டன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஆபீஸ் டிரைவரிடம் என் தியாகத்தைப் பற்றிச் சொன்னதை என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தான். நான் கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"தம்பி, அது பொய் இல்ல."

"சும்மாயிரு அக்கா."

"மூணு எடத்துல அடிச்சேன். எறங்கல. வளைய விளிம்பு மடங்கிப்போச்சு, இன்னும் ஸ்டோர்ல கெடக்கு, வந்து பாரு. மணி பன்னெண்டரை ஆச்சு. ஒரு மணி வண்டிய விட்டா அடுத்தது நாலரைக்கு. பாத்தில போட்டேன். அரை மணியில முடிஞ்சது. கிரவுண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். ஒரு மணி வண்டியைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை. மணிக்கட்டு வலித்தது உண்மைதான். வண்டியும் உண்மைதான்.

"உனக்குத் தெரியுமா?" என்றான். குரல் மாறியிருந்தது. "உன் அளவு வந்ததும் மனுவ வாபஸ் வாங்கச் சொல்லி பத்து வீட்டுக்கும் நாந்தான் போனேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. டீச்சர் மட்டும் மாட்டேன்னுச்சு. எங்கக்காவ நம்பலன்னா நீ யாரத்தான் நம்புவ கெழவின்னு கேட்டுட்டு வந்தேன். இப்ப அவங்களுக்கு வீடு இல்ல."

"உனக்கும் இல்ல" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

தட்டில் ஒன்றரை தோசை மிச்சம். எழுந்து கை கழுவினான். மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூம் பார்த்து மேகலாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நவம்பர் 21, திங்கள்
மழை 0.

தபால் பிரிவு கிளார்க் லீவு. மனுக்களை நான் வாங்கினேன். நாலாவதாக நஞ்சுண்டன் வந்து நின்றான். பின்னால் பிலோமினா டீச்சர்.

மனுவைப் படித்தேன். கையெழுத்து டீச்சருடையது, தெளிவாக இருந்தது. பாசிமேட்டுச் சமதளத்தில் எடுத்ததாகச் சொல்லப்படும் அளவு, களப்பணியாளர் லோகேஸ்வரியால் வேறிடத்தில் எடுக்கப்பட்ட பொய்யான அளவு. அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன் வடிகால் வெட்ட வேண்டும். பதினோரு வீட்டுக் கையெழுத்தும் இருந்தது, மறுபடி வீடு வீடாகப் போயிருக்கிறான். முதல் கையெழுத்து என் தம்பியுடையது.

"சர்வே நம்பர் தப்பா இருக்கு" என்றேன். "நூத்திப் பதினாலு இல்ல, நூத்தி நாப்பத்தொண்ணு. இப்படியே போனா திருப்பி அனுப்பிருவாங்க."

அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் பேனாவைக் கொடுத்தார். திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டான்.

"ரசீது குடுங்க மேடம்" என்றான்.

முத்திரை குத்தி, தேதி போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 22, செவ்வாய்
மழை 0.

எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, எந்தப் பணியாளர்மேல் மனு வந்தாலும் அது அந்தப் பணியாளரிடமே அறிக்கைக்கு வரும். பதினொரு மணிக்கு என்மேல் வந்த மனு என் மேசைக்கு வந்தது. மேலே திலீபன் சார் பச்சை மையில் எழுதியிருந்தார்: "மனுவின் உண்மைத் தன்மை குறித்து அறிக்கை தருக."

இத்தனை வருடத்தில் இப்படி வந்த மனுக்களுக்கு எல்லோரும் எழுதுகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: மனுவில் கண்டவை உண்மைக்குப் புறம்பானவை. பழைய ஃபைலில் இருந்து அப்படியே பார்த்து எழுதலாம்.

நான் எழுதியது: "மனுவில் கண்டவை அனைத்தும் உண்மை. வடிகால் உடனே தேவை." கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

திலீபன் சார் படித்தார். "இது எழுத்துல வந்துருச்சும்மா. இனிமே நான் ஒரு நாள் சும்மா இருந்தாலும் என் கழுத்துக்கு வரும்" என்றார்.

"ஆமாங்க சார்."

"உங்க வேலைக்கும் வரும்."

"ஆமாங்க சார்."

நாலு மணிக்கு ஜேசிபிக்கு ஆர்டர் போட்டார். ஐந்து மணிக்கு என் சஸ்பென்ஷனுக்குக் குறிப்பு எழுதினார். இரண்டிலும் என் கையெழுத்து வேண்டியிருந்தது.

நவம்பர் 23, புதன்

மழை தெரியாது. இன்று வேறொருவர் பார்த்தார்.

அறிக்கையின் நகல் மனுதாரருக்குப் போக வேண்டும். தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும் என்று, சஸ்பென்ஷனில் இருந்தாலும் தபால் பிரிவில் கேட்டு வாங்கி நானே எடுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி ரூம். நஞ்சுண்டன்தான் கதவைத் திறந்தான். நகலை நீட்டினேன். வாசலில் நின்றபடியே படித்தான். இரண்டு வரிதான். இரண்டு தடவை படித்தான்.

"வடிகாலு எப்ப வெட்டுவாங்க?" என்றான்.

"நாளைக்குக் காலைல ஜேசிபி வருது."

தலையாட்டினான். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். உள்ளேயிருந்து குக்கர் சத்தத்துக்கு நடுவே மேகலா, "யாருங்க அது?" என்று கேட்டாள்.

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க" என்றான்.

அவன் சொன்னது சரிதான், ஆபீஸ் வேலையாகத்தான் போயிருந்தேன். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னலைச் சாத்தட்டுமா, சாரல் அடிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.